உலக வரலாற்று மாநாடு என்று மின்னஞ்சல் வந்தால், பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஆய்வு மாணவர்களும் புதிதாக வேலையில் சேர்ந்த ஆசிரியர்களும் தயவுசெய்து கவனியுங்கள். "உலக வரலாறு: பன்னாட்டு மாநாடு" என்று வரும் அழைப்புகளில் சில வெறும் வசூல் வேலை. அப்படி ஒன்றுக்குப் பதிவுக் கட்டணம், விமானம், விடுதி என்று எல்லாம் கைக்காசு போட்டுப் போய் ஏமாந்து வந்தேன்.

என் கட்டுரை வெள்ளியைப் பற்றியது. 1545-ல் தென் அமெரிக்காவில், இன்றைய பொலிவியாவில் இருக்கும் பொட்டோசியில் கண்டுபிடித்த வெள்ளி, 1571-ல் ஸ்பானியர் கைக்கு வந்த மணிலா வழியாகச் சீனாவுக்குள் பாய்ந்ததற்கும், மிங் அரசு வரியை வெள்ளியாகவே வாங்கத் தொடங்கியதற்கும் உள்ள தொடர்பு. ஒரே ஆள் ஸ்பானிய ஆவணத்தையும் சீன ஆவணத்தையும் கரைத்துக் குடித்துவிட முடியாது. அந்தப் பக்கம் தெரிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்து, "இந்த இடம் தப்பு" என்று சொல்ல வேண்டும். இந்தத் துறையில் மாநாட்டுக்குப் போவதே அதற்காகத்தான்.

அங்கே விடுதிக் கூடம் ஒன்றைத் துணித்திரை போட்டு இரண்டாகப் பிரித்திருந்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர் பல் மருத்துவர். அடுத்தவர் கான்கிரீட் பற்றிப் பேசினார். ஆளுக்கு 6 நிமிடம், கேள்விக்கு இடமே இல்லை. அமர்வுத் தலைவர் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. பேசி முடித்ததும் சான்றிதழை நீட்டிப் படம் எடுக்க நிற்கச் சொன்னார். அதில் கட்டுரைத் தலைப்பு இருக்க வேண்டிய இடம் காலி. "நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். முதன்மை உரை என்று படம் போட்டிருந்த பேராசிரியர் வரவே இல்லை. பிறகு அவருக்கே எழுதிக் கேட்டேன். தன் பெயரைப் போட்டிருப்பதே அவருக்குத் தெரியாதாம்! எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

இதே குற்றச்சாட்டில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் ஒரு பதிப்பு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. சம்மதம் கேட்காமல் அறிஞர்கள் பெயரைக் காட்டி மாநாட்டுக்கு ஆள் சேர்த்ததும் அந்த வழக்கில் ஒரு பகுதி. 2019-ல் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. அதற்குப் பிறகும் இந்த வியாபாரம் நிற்கவில்லை.

1982-ல் தொடங்கிய உலக வரலாற்றுச் சங்கமோ, 1926-ல் தொடங்கிய வரலாற்று அறிவியல்களின் பன்னாட்டுக் குழுவோ மாநாடு நடத்தினால், அனுப்பிய சுருக்கத்தை ஆட்கள் உட்கார்ந்து படிப்பார்கள். பதில் வர நாளாகும். எனக்கு மறுநாள் காலையிலேயே "ஏற்கப்பட்டது" என்று வந்தது, கூடவே பணம் கட்டும் இணைப்பும். அழைப்பு வந்தால் முதன்மை உரையாளருக்கு அவருடைய பல்கலைக்கழக முகவரியில் ஒரு வரி எழுதிக் கேளுங்கள். நிகழ்ச்சி நிரலில் உங்கள் அமர்வில் வேறு யார் யார் என்று பாருங்கள். நிரலைக் கேட்டும் அனுப்பாவிட்டால் அந்த மாநாட்டை விட்டுவிடுங்கள்.

அப்புறம் இன்னொன்று. என்னைக் கேட்காமலே கட்டுரையைத் தங்கள் தொகுப்பில் போட்டுவிட்டார்கள். நீக்கச் சொன்னால் அதற்கும் தனிக் கட்டணமாம். ஏற்கெனவே வெளியானது என்று நல்ல ஆய்விதழ்கள் அதை மறுக்கக்கூடும். ஆகவே முழுக் கட்டுரையை முன்கூட்டியே அனுப்பாதீர்கள், பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்தும் போடாதீர்கள். அட்டையில் பணம் கட்டியவர்கள் உடனே வங்கியில் புகார் கொடுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு.