இளவேனில் மைகள்: இளஞ்சிவப்பா, பச்சையா, மஞ்சளா?

மைப்பேனைக்கான இளவேனில் நிற மை எல்லாம் போத்தலுக்குள் அழகுதான். சாதாரண சி.ஆர். கொப்பியில் மெல்லிய நிப்பால் இரண்டு வரி எழுதிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும்.

இளஞ்சிவப்பில் முக்கியமான போட்டி, யப்பானிய நிறுவனங்களான செய்லரின் சகுர-மோரிக்கும் பைலட்டின் இரோஷிசுக்கு வரிசையிலுள்ள ஹனா-இக்கடாவுக்கும். இரண்டும் யப்பானியச் செரிப்பூவை நினைத்துச் செய்த நிறங்கள். சகுர-மோரியில் செம்மஞ்சள் சாயல் கொஞ்சம் ஓடும். யப்பானிய எஃப் (மெல்லிய) நிப்பு ஐரோப்பிய எஃப்பை விட மெல்லிய கோடு போடும். அதில் இந்த இரண்டு மையும் வெளிறிவிடும். எம் (நடுத்தரம்) அல்லது பி (தடிப்பு) நிப்பு இல்லாதவர்கள் பிரெஞ்சு நிறுவனமான எர்பினின் ரோஸ் தாந்ரெஸை எடுக்கலாம். நிறம் அழுத்தம், எழுத்து எடுப்பாகத் தெரியும்.

பச்சையில்தான் தேர்வு கடினம். செய்லர் வக-உகுயிசு மஞ்சள் கலந்த அடங்கிய பச்சை. மாலையில் மின்விளக்கின் கீழ் வாசிக்கக் கண் வலிக்கும். பைலட் சிக்கு-ரின் மூங்கில் தோப்பின் நிறம். கோடு தொடங்கும் இடத்தில் வெளிறி, மை தேங்கி முடியும் இடத்தில் கடுமையாகும். அந்த ஏற்ற இறக்கம் வழுவழுப்பான தாளில் மட்டுமே தெரியும். மை உறிஞ்சும் கொப்பித் தாளில் ஒரே மட்டமாகிவிடும். தினம் எழுத பிரித்தானிய நிறுவனமான டயமைனின் மெடோதான் சரி: புல் நிறம், தெளிவான எழுத்து.

மஞ்சள்? சித்திரையில் இங்கே பூப்பது கொன்றை, ஆகவே எர்பின் பூத்தோன் டோர் மேல் ஆசை வருவது நியாயம். ஆனால் மஞ்சளில் எழுதியதை வாசிக்க முடியாது. 1.1 மி.மீ. தட்டை நிப்பில் நிரப்பி, ஃபோட்டோக்கொப்பித் தாளில் வரிகளுக்கு நிறமடிக்க உதவும். மைப்பேனையால் எழுதியதன் மேல் இழுத்தால் அது கரைந்து அழுக்காகும். முன்பு நீலம் ஓடிய பேனையைச் சரியாகக் கழுவாமல் மஞ்சள் விட்டால் பச்சைதான் வரும்.

கழுவ, கொன்வேட்டரால் (பேனைக்குள் மை இழுக்கும் சிறு குழாய்) தண்ணீரை இழுத்து இழுத்துத் தள்ளுங்கள். நிறம் போனதும் நிப்பை ஈரமான டிஷ்யூவில் சுற்றி வையுங்கள். டிஷ்யூவில் கறை ஊறினால் வேலை முடியவில்லை. கடலோரக் கிணற்றுத் தண்ணீர் உப்பானால் கடைசிக் கழுவலுக்குப் பற்றரிக்கு விடும் வடிநீர் நல்லது. (வடிநீர் என்று கேட்டே வாங்குங்கள், அசிட்டை அல்ல!)

கச்சான் காற்று வீசும் மாதங்களில் மூடி திறந்த பேனையின் நிப்பு சீக்கிரம் காயும். நீர் ஆவியாகி மை செறிவதால் முதல் சில எழுத்துகள் கடுமையாக விழும். அதை வைத்து நிறத்தை மதிப்பிடாதீர்கள். மாரியில் தாள் ஈரம் பிடித்திருக்கும், எழுத்தின் ஓரம் மயிர்போலப் படரும். அப்போது இன்னும் மெல்லிய நிப்புக்கு மாறுங்கள், மையை ஐதாக்காதீர்கள்: தண்ணீர் கலந்தால் வெளிறிய நிறம் இன்னும் வெளிறும்.

இவை சாய மைகள். வியர்வை பட்டால் கரையும், வெயிலில் வெளிறும். விண்ணப்பம், உறுதி போன்றவற்றில் கையெழுத்துக்கு ஆகாது.

அளவையும் பாருங்கள். செய்லரின் இந்த மைகள் வரும் ஷிக்கியோரி வரிசை 20 மி.லி., இரோஷிசுக்கு 15 அல்லது 50, எர்பின் 10 அல்லது 30, டயமைன் 30 அல்லது 80. போத்தல் விலையை மில்லிலீற்றரால் வகுத்தே ஒப்பிட வேண்டும். வெளிறிய நிறங்களில் சிறிய போத்தலே போதும்.