புது ஆல்-இன்-ஒன் ஏமாற்றினால்: டிரைவரோடு மல்லுக்கட்டுவதா, மாற்றுவதா, தனித்தனியாக வாங்குவதா?

புது ஆல்-இன்-ஒன் பிரிண்டர் அழகாக அச்சடிக்கிறது, நகலும் எடுக்கிறது, ஆனால் கம்ப்யூட்டரில் ஸ்கேன் கொடுத்தால் மட்டும் அப்படி ஒரு சாதனமே இல்லை என்கிறது. எரிச்சலோடு பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் விண்டோஸ், மேக் இரண்டின் பெயரும் இருக்கிறது. எந்தப் பதிப்புக்கு, எந்த வேலைக்கு என்பதுதான் இல்லை. அச்சு எப்படியாவது வந்துவிடும், மாட்டிக்கொள்வது ஸ்கேனில்தான். அதனால் இந்த மூன்று வழிகளையும் ஸ்கேனரை வைத்தே அளக்கிறேன்.

முதல் வழி, கம்பெனி டிரைவரையும் (கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் பேசவைக்கும் மென்பொருள்) அதோடு வரும் மற்ற மென்பொருளையும் நிறுவி ஓட்டுவது. மை அளவு, ஹெட் கிளீனிங், ஓரமில்லா போட்டோ எல்லாம் ஒழுங்காகக் கிடைப்பது பெரும்பாலும் இதில்தான். ஆனால் விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் பக்கத்தைத் தயார்செய்யும் வேலையைக் கம்ப்யூட்டரே செய்கிறது, டிரைவர் இல்லையென்றால் பிரிண்டர் வெறும் பெட்டி. இயங்குதளம் மாறும்போது கம்பெனி புது டிரைவர் தராவிட்டால் கதை முடிந்தது. 2019இல் மேக்கின் புதுப் பதிப்பான மேக்ஓஎஸ் கேட்டலினா பழைய வகை 32-பிட் மென்பொருள்களை மொத்தமாக நிறுத்தியபோது, நன்றாக இருந்த ஸ்கேனர்கள் பலவற்றின் மென்பொருள் ஒரே அப்டேட்டில் படுத்துவிட்டது. ஏஆர்எம் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்பிலும் இதே தொல்லை: இன்டெலுக்கு எழுதிய டிரைவர் அதில் ஏறாது. விண்டோஸ் அப்டேட் வழியாகப் பிரிண்டர் கம்பெனிகளின் டிரைவர்களைத் தருவதைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக 2023இல் மைக்ரோசாஃப்ட்டும் அறிவித்துவிட்டது. இந்த வழிக்கு ஆயுசு குறைவு என்றே படுகிறது.

இரண்டாவது, திருப்பிக் கொடுத்துவிட்டு டிரைவரே தேவைப்படாத மாடலுக்கு மாறுவது. 2010இல் வந்த ஆப்பிளின் ஏர்பிரிண்ட், 2013இல் பிரிண்டர் கம்பெனிகள் சேர்ந்து தொடங்கிய மோப்ரியா, இரண்டும் டிரைவர் இல்லாமல் ஓடவைக்கும் இந்த வகைப் பொது முறைகள். லினக்ஸ்காரர்களுக்கும் இதுதான் நிம்மதி, சேன்-ஏர்ஸ்கேன் என்ற லினக்ஸ் ஸ்கேன் மென்பொருள் இருந்தால் ஸ்கேனும் வந்துவிடும். ஒன்று கவனியுங்கள், மோப்ரியாவில் அச்சுக்கும் ஸ்கேனுக்கும் தனித்தனிச் சான்று, அச்சுச் சான்றை மட்டும் பார்த்து வாங்கினால் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். அப்புறம் வைஃபை. வீட்டுப் பிரிண்டர்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே சேரும், ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் திறந்திருந்தால் அதன் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

மூன்றாவது, கறுப்பு-வெள்ளை லேசர் ஒன்று, தட்டை ஸ்கேனர் ஒன்று. இடம் பிடிக்கும், நகல் எடுக்க இரண்டு வேலை, கலர் போட்டோ கிடையாது. ஆனால் டோனர் தூள் என்பதால் மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் காயாது. ஒன்று கெட்டால் மற்றது ஓடும். ஆல்-இன்-ஒன்னிலோ மை தீர்ந்தால் ஸ்கேன் செய்யவும் மறுக்கும் மாடல்கள் உண்டு (ஸ்கேனுக்கும் மைக்கும் என்ன சம்பந்தமோ!). கம்பெனி கைவிட்ட பழைய ஸ்கேனர்களையும் வியூஸ்கேன் போன்ற தனி மென்பொருள் பெரும்பாலும் எழுப்பிவிடுகிறது.

எப்போதாவது அச்சடிப்பவர்களுக்கு என் ஓட்டு மூன்றாவதற்கு. கலர் வேண்டும், இடமில்லை என்றால் இரண்டாவது. முதலாவது, திருப்பித் தரும் கெடு தாண்டிப்போனவர்களுக்கு. கெடு இன்னும் இருந்தால், கம்பெனி மென்பொருளை ஏற்றாமல், யூஎஸ்பி கேபிளிலும் வைஃபையிலும் ஒருமுறை விண்டோஸ் ஸ்கேன் அல்லது மேக்கின் இமேஜ் கேப்ச்சர் வழியாக ஸ்கேன் செய்து பாருங்கள். இரண்டிலும் வரவில்லையென்றால் பெட்டியில் போட்டுக் கட்டிவிடலாம்.