கெண்டைக்கால் பெருக்க சைக்கிள் போதுமா? சில வருட அனுபவம்

போதாது. காரைக்குடியில் இருந்து கானாடுகாத்தான், பள்ளத்தூர், மனசு வந்தால் திருமயம் வரை என்று காலையில் மிதிப்பது எனக்குப் பல வருஷப் பழக்கம். தொடை நன்றாக ஏறியது. கெண்டைக்கால் இறுகியது, நரம்பு தெரிந்தது, பருமன் மட்டும் கூடவில்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற நம்ம ஊர்க்காரர்களைப் பாருங்கள். அவ்வளவு தூரம் நடந்தும் பலருக்கு ஒல்லிக்கால்தான். தூரம் தாங்கும் சதை வேறு, பருக்கும் சதை வேறு.

பெடலை அழுத்தும் பலம் பெரும்பாலும் தொடையிலும் பிட்டத்திலும் இருந்து வருகிறது. கெண்டைச்சதை கணுக்கால் தொய்யாமல் பிடித்து அந்தப் பலத்தைப் பெடலுக்குக் கடத்துகிறது. கணுக்கால் அசைவதே கொஞ்சம். பாரத்தோடு சதை முழுதாக நீள வாய்ப்பே இல்லை. இன்னொன்று, வெளியே புடைத்துத் தெரியும் காஸ்ட்ராக்னீமியஸ் என்ற கெண்டைச்சதை முட்டியைத் தாண்டிப் போய்த் தொடை எலும்பில் ஒட்டுகிறது. முட்டி மடங்கினால் அது தளர்ந்துவிடும். சைக்கிளில் முட்டி முழுதாக நிமிர்வதே இல்லையே. ஜிம்மில் உட்கார்ந்து குதிகால் தூக்கும் மெஷினும் இதே கதைதான், அதற்கு அடியில் இருக்கும் சோலியஸ் என்ற சதைக்குத்தான் அதிக வேலை.

எனக்குப் பலன் தந்தது வீட்டு முற்றத்துப் படி. முன்பாதத்தை மட்டும் படி விளிம்பில் வைத்து, முட்டியை நேராக வைத்து, தேக்குத் தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். அடியில் இரண்டு நொடி நின்று, அப்புறம் குதிகாலை மேலே தூக்க வேண்டும். அந்த இரண்டு நொடிதான் முக்கியம். குதித்துக் குதித்து ஏறினால் குதிகால் நரம்பு, அதாவது கெண்டைச்சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் நாண், ஸ்பிரிங் மாதிரி வேலையை வாங்கிக்கொள்ளும், சதைக்கு ஒன்றும் மிஞ்சாது. இரண்டு காலில் சுலபமானதும் ஒற்றைக் காலுக்கு மாறினேன். அப்புறம் முதுகுப்பையில் பாரம். ஒரு காலுக்கு 10 முதல் 15 தடவை, மூன்று சுற்று, வாரம் இரண்டு மூன்று நாள். ஆத்தங்குடித் தரையில் வியர்வை சொட்டினால் வழுக்கும், கீழே ஒரு சாக்கை விரித்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் மாடிப்படி இறங்கவே வலிக்கும். அது சதை வலி, போய்விடும். குதிகாலுக்கு மேலே நரம்பில் சுருக்கென்று குத்தினால் நிறுத்திவிடுங்கள். நீண்ட சவாரிக்கு முந்தின நாள் இதைத் தொடவே கூடாது.

சீட்டை உயர்த்தி விரல்நுனியால் மிதித்தால் கெண்டைக்கால் வளரும் என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். இடுப்பு ஆடும், குதிகால் நரம்புதான் கஷ்டப்படும்.

வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவே மாதக்கணக்கானது. முட்டை, சுண்டல் என்று சாப்பாட்டையும் கூட்டினேன். வயிறு காய்ந்தால் சதை எங்கிருந்து வரும்? சிலருக்குப் பிறவியிலேயே சதை மேலே ஏறி, கீழே நரம்பு நீளமாக இருக்கும். அந்த வடிவத்தைப் பயிற்சி மாற்றாது, இருக்கிற சதை பருக்கும், அவ்வளவுதான். சைக்கிள் வேகமும் இதனால் கூடியதாகத் தெரியவில்லை. ஆடிக்காற்றில் எதிரே மிதிக்கும்போது இன்றும் தொடைதான் கெஞ்சுகிறது.

இடது கால் இன்னும் கொஞ்சம் பின்தங்கி இருக்கிறது. அதனால் இடதை முதலில் செய்து, அது எத்தனை வந்ததோ அத்தனையோடு வலதையும் நிறுத்திவிடுகிறேன்.