கப்பலா, பாசிக்குடாவா?
விடுமுறைக்கு உல்லாசக் கப்பலில் போவதா, இலங்கையின் கிழக்கே இருக்கிற பாசிக்குடாக் கடற்கரைக்குப் போவதா என்று மச்சாள் கேட்டதால் எழுதுகிறேன். சிங்கப்பூரில் ஏறிப் பெரிய உல்லாசக் கப்பலில் போய்வந்தோம். பெட்டியை ஒருமுறை அவிழ்த்தால் போதும். அறை உங்களோடேயே ஊர்விட்டு ஊர் வரும். சாப்பாடு டிக்கெட்டோடு சேர்த்தி. ஆனால் குடிவகை, வைஃபை, ஆளுக்கு நாளுக்கென்று டிப்ஸ் எல்லாம் கடைசி நாள் பில்லில் வந்து நிற்கும். ஜன்னலில்லாத உள்ளறை மலிவு, விடிந்தது தெரியாது. தலைசுற்றுகிறவர்கள் கீழ்த்தட்டில், கப்பலின் நடுவில் அறை கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. துறைமுகத்தில் கிடைப்பது சில மணித்தியாலம், ஓடிப் பார்த்து ஓடி வரவேண்டும்.

பாசிக்குடாவில் ஆழமில்லாத கடல் நெடுந்தூரம் போகும், பிள்ளைகள் நாள் முழுக்கக் கிடப்பார்கள். கப்பலில் கடலைத் தொடவே ஏலாது! மார்கழி மழைக்கு மட்டும் பாசிக்குடா வேண்டாம்.

மாமியைக் கூட்டிப் போவதென்றால் கப்பல்தான். லிஃப்ட் இருக்கு, மணலில் கால் புதையாது.