தலைவர் தேர்தலுக்குக் கூகுள் ஃபார்ம்: மனுவுக்குச் சரி, வாக்குக்கு?

சிங்கப்பூரில் சங்கமோ கட்சிக் கிளையோ புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறது என்றால், வாட்ஸ்அப் குழுவில் முதலில் வந்து விழுவது கூகுள் ஃபார்ம் இணைப்புதான். காசில்லை, தமிழிலேயே கேள்வி போடலாம். வேட்புமனு வாங்கவும் முன்மொழிபவர், வழிமொழிபவர் விவரம் திரட்டவும் அருமையான கருவி. அதற்கு 5க்கு 4 தரலாம். வாக்குப்பதிவுக்கு 2தான்.

மின்னஞ்சலைச் சேகரித்தால், பதில்கள் வந்து சேரும் கூகுள் ஷீட்டில் வாக்காளரின் முகவரியும் அவர் போட்ட வாக்கும் ஒரே வரியில் நிற்கும், ரகசியம் போச்சு. சேகரிக்காமல் ‘ஒருவருக்கு ஒரே பதில்’ அமைப்பை மட்டும் போட்டால், அது ஆளை எண்ணாது, கூகுள் கணக்கை எண்ணும். இரண்டு ஜிமெயில் இருந்தால் இரண்டு வாக்கு. இணைப்பு கிடைத்த வெளியாளும் போடலாம். 2016இல் சிங்கப்பூரின் பாட்டாளிக் கட்சியின் தலைமைச் செயலாளர் தேர்தலில் லோ தியா கியாங்குக்கு 61 வாக்கு, சென் ஷோ மாவுக்கு 45. ஒன்பது பேர் மாற்றிப் போட்டிருந்தால் முடிவே வேறு. இவ்வளவு சிறிய தேர்தலில் நாலைந்து கள்ள வாக்கு சாதாரண விஷயமல்ல.

ஃபார்மில்தான் நடத்துவோம் என்றால் குறியீட்டுச் சீட்டு தேவை. ஆறு எழுத்துக் குறியீடுகளை அச்சடித்து (பூஜ்யமும் ஆங்கில ‘ஓ’வும் வேண்டாம், குழப்பும்), மடித்துப் பெட்டியில் கலக்குங்கள். பதிவு மேசையில் கையெழுத்திட்டவர் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். யாருக்கு எது என்று எங்கும் குறிக்கக் கூடாது. ஃபார்மில் முதல் கேள்வி குறியீடு, இரண்டாவது வேட்பாளர். கூகுள் கணக்கு கேட்கும் அமைப்பை அணைத்துவிடலாம். ஜிமெயில் இல்லாத மூத்த உறுப்பினர்களுக்கும் தொல்லையில்லை. முடிந்ததும் ஷீட்டில் ‘கவுன்ட்இஃப்’ என்ற எண்ணும் சூத்திரத்தைப் போட்டு இரட்டைக் குறியீடுகளைப் பிடிக்கலாம். அவற்றில் எது செல்லும் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

அனுப்பிய பதிலைத் திருத்தும் வசதியையும் அணையுங்கள். 2022இல் பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சி தன் தலைவர் தேர்தலில், போட்ட வாக்கை மாற்றலாம் என்ற ஏற்பாட்டை இணையப் பாதுகாப்பு அதிகாரிகளின் ஆலோசனைக்குப் பிறகு கைவிட்டது. வாக்குச்சீட்டு அனுப்புவதே தாமதமானது.

ஃபார்ம் யார் கணக்கில் இருக்கிறதோ அவருக்கு வாக்கு நடக்கும்போதே நிலவரம் தெரியும். அதனால் தேர்தல் அதிகாரி புதுக் கணக்கு ஒன்றைத் திறக்க வேண்டும். வேட்பாளரின் ஆட்களுக்கு அனுமதி கூடவே கூடாது.

நூறு பேருக்குள் என்றால் காகிதச் சீட்டையே பரிந்துரைப்போம். மறுஎண்ணிக்கை கேட்டால் மேசையில் கொட்டிக் காட்டலாம். ஷீட்டையோ அனுமதி உள்ள எவரும் திருத்திவிட முடியும்.