சிக்னலா, சொந்த மேட்ரிக்ஸ் சர்வரா? சிறு அலுவலகங்களுக்கான ஒப்பீடு

வாட்ஸ்அப்பிலிருந்து வெளியே வர நினைக்கும் சிறு அலுவலகமோ சங்கமோ செய்திக் குழுவோ, கடைசியில் இரண்டில் ஒன்றின் வாசலில்தான் வந்து நிற்கிறது. முதலாவது சிக்னல். ஒரே அறக்கட்டளை, ஒரே சர்வர் கட்டமைப்பு, எல்லோர் கையிலும் ஒரே செயலி. இரண்டாவது மேட்ரிக்ஸ். மின்னஞ்சல் மாதிரி யார் வேண்டுமானாலும் தன் டொமைனில் சர்வர் வைத்துக்கொள்ளலாம். வெவ்வேறு சர்வர்களில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசலாம்; இதற்குப் பெயர் ஃபெடரேஷன். சர்வர் நம்முடையது என்றால் ரகசியமும் கூடத்தான் செய்யும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தப்பு. சொந்த சர்வரால் கிடைப்பது உரிமை. ரகசியத்தில் சிக்னல் இன்னும் பல அடி முன்னால் இருக்கிறது.

செய்தியின் உள்ளடக்கத்தை விட்டுவிடுவோம். அது இரண்டிலுமே என்க்ரிப்ட் ஆகிறது. யார், யாருக்கு, எப்போது அனுப்பினார் என்ற மெட்டாடேட்டா யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதுதான் பார்க்கவேண்டியது. 2016இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து நீதிமன்ற ஆணை வந்தபோது, சிக்னலால் கொடுக்க முடிந்தது இரண்டே விவரங்கள்: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். 2018இல் அனுப்புநரின் அடையாளத்தையும் உறைக்குள் மூடிவைக்கும் வசதி வந்தது. குழுவின் பெயரும் உறுப்பினர் பட்டியலும்கூட என்க்ரிப்ட் ஆன நிலையில்தான் அவர்களுடைய சர்வரில் கிடக்கின்றன.

மேட்ரிக்ஸில் நிலைமை வேறு. என்க்ரிப்ஷன் போட்ட அறையிலும் (குழு உரையாடலுக்கு மேட்ரிக்ஸில் அறை என்று பெயர்) அறையின் பெயர், தலைப்பு, உறுப்பினர்கள், எந்த நேரத்தில் யார் எழுதினார், எந்தச் செய்திக்கு எந்த எமோஜி போட்டார் என்பதெல்லாம் டேட்டாபேஸில் திறந்தே இருக்கும். அதன் பிரதி, அந்த அறையில் ஒரே ஒரு ஆளை வைத்திருக்கும் சர்வருக்கும் போகும். ஐந்து சர்வர்காரர்கள் கூடிய அறை என்றால் ஐந்து அட்மின்களை நம்பியாக வேண்டும். செய்தியை அழித்தாலும் மற்ற சர்வர்களுக்குப் போவது ஒரு வேண்டுகோள்தான். மதிப்பதும் மதிக்காததும் அவர்கள் பாடு. "பணிநீக்கம் – ஆலோசனை" என்று அறைக்குப் பெயர் வைத்துவிட்டு உள்ளே என்க்ரிப்ஷனை நம்பி உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

சர்வர் விழுந்தால்? 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் கிளவுடில் கோளாறு ஏற்பட்டதும் சிக்னலும் முடங்கியது. ஒரே இடத்தில் குவித்து வைப்பதன் விலை அது. ஆனால் அதே ஆண்டு செப்டம்பர் 2 அன்று, மேட்ரிக்ஸ் உலகின் மிகப்பெரிய பொது சர்வரான மேட்ரிக்ஸ்.ஆர்க்கும் விழுந்தது. முதலில் துணை டேட்டாபேஸ், சில மணி நேரத்தில் முதன்மை டேட்டாபேஸ். 55 டெராபைட்டை பேக்கப்பிலிருந்து மீட்க வேண்டி வந்தது. சொந்த சர்வர் வைத்திருந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டே இருந்தார்கள். மேட்ரிக்ஸ்.ஆர்க்கில் கணக்கு வைத்திருந்தவர்களுக்குப் போக்கிடம் இல்லை, ஏனென்றால் மேட்ரிக்ஸில் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் கணக்கை மாற்றிக்கொண்டு போகும் வழி இல்லை. ஆக, ஃபெடரேஷனின் பலன் வேண்டும் என்றால் சொந்த சர்வர்தான். பொது சர்வரில் கணக்கு தொடங்குவது இரண்டு பக்கத்துக் குறைகளையும் சேர்த்து வாங்கிக்கொள்வது.

சிக்னலை நிறுவிய மாக்ஸி மார்லின்ஸ்பைக் 2016இலேயே ஃபெடரேஷனுக்கு எதிராக வாதிட்டார்: பலர் கையில் இருக்கும் நெறிமுறையை வேகமாக மாற்ற முடியாது என்று. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2023 செப்டம்பரில் குவாண்டம் கணினிகளைச் சமாளிக்கும் சாவிப் பரிமாற்றத்தைச் சிக்னல் அறிவித்தது. செயலியை அப்டேட் செய்தவர்களுக்கு ஒன்றும் தெரியாமலே மாறிவிட்டது. மேட்ரிக்ஸ் போலவே ஃபெடரேஷன் உள்ள பழைய நெறிமுறையான எக்ஸ்எம்பிபி பக்கம் பாருங்கள்: அதில் பயன்படும் ஒமெமோ என்க்ரிப்ஷனின் புதிய பதிப்பு தாளில் வந்து வருடங்கள் ஆகியும், பெரும்பாலான செயலிகள் பழையதிலேயே நிற்கின்றன, ஒருவர் மாறினால் மற்றவர் செய்தியைப் படிக்க முடியாது என்பதால்.

சிக்னலின் பலவீனம் தொலைபேசி எண். 2024இல் பயனர் பெயர் வசதி வந்துவிட்டது, ஆனாலும் கணக்கு தொடங்க எண் கட்டாயம். அலுவலகத்துக்குப் பரிந்துரைப்பதானால் மூன்று அமைப்புகளை ஒவ்வொரு போனிலும் மாற்றிக் கொடுங்கள்: எண்ணை யார் பார்க்கலாம் என்பதில் யாரும் இல்லை, எண்ணை வைத்து யார் தேடலாம் என்பதிலும் யாரும் இல்லை, பதிவுப் பூட்டு (வேறு போனில் கணக்கைப் பதியும்போது பின் எண் கேட்கும் வசதி) ஆன். பூட்டு இல்லையென்றால் சிம்மை மாற்றி எடுத்தவர் கணக்கையும் எடுத்துவிடலாம். ஏழு நாள் தொடர்ந்து செயலியைப் பயன்படுத்தாவிட்டால் அந்தப் பூட்டு காலாவதியாகிவிடும் என்பதையும் சொல்லிவையுங்கள். இன்னொன்று: வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அலுவலகத்தால் மூட முடியாது, குழுவிலிருந்து நீக்கலாம், அவ்வளவுதான். பழைய உரையாடல்கள் அவர் போனோடு போய்விடும். பலர் மேட்ரிக்ஸ் பக்கம் திரும்புவதே இதனால்தான், அது சரியான காரணமும்கூட.

சரி, சொந்த சர்வர். சினாப்ஸ் என்ற மேட்ரிக்ஸ் சர்வர் மென்பொருளோடு, முப்பது பேருக்கு 2 கோர், 4 ஜிபி ராம், 80 ஜிபி எஸ்எஸ்டி போதும். முதல் கேள்வியே திரும்பப் பெற முடியாதது: சர்வர் பெயர். அது எல்லோருடைய முகவரியிலும் ஒட்டிக்கொள்ளும், பிறகு மாற்றவே முடியாது. துணை டொமைனைக் கொடுக்காமல் அலுவலகத்தின் முதன்மை டொமைனையே கொடுத்து, வெல்-நோன் கோப்பு (சர்வர் உண்மையில் எங்கே ஓடுகிறது என்று சொல்லும் சிறு கோப்பு) மூலம் துணை டொமைனுக்குத் திருப்பிவிடுங்கள். அந்த டொமைனைப் புதுப்பிக்க மறந்தால் வேறொருவர் அதை வாங்கி அதே பெயரில் சர்வர் வைக்கலாம்.

டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ்தான், இயல்பாக வரும் எஸ்க்யூலைட் சோதனைக்கு மட்டும். போஸ்ட்கிரெஸில் லொக்கேல் (எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி) "சி" என்று இல்லாவிட்டால் சினாப்ஸ் தொடங்க மறுக்கும். அதை மீறித் தொடங்கவைக்கும் ஒரு அமைப்பு உண்டு. அதைத் தொடாதீர்கள். பின்னாளில் இயங்குதளத்தை மேம்படுத்தும்போது இன்டெக்ஸ்கள் கெட்டு, எங்கே கோளாறு என்று தேடி அலைய நேரும்.

உள்ளே எல்லாம் ஓடுகிறது, பிற சர்வர்களில் இருப்பவர்களால் மட்டும் தொடர்புகொள்ள முடியவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று: சர்வர்கள் பேசிக்கொள்ளும் 8448 போர்ட் மூடியிருக்கும், வெல்-நோன் கோப்பு கிடைக்காது, அல்லது சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழோடு வரவேண்டிய இடைநிலைச் சான்றிதழ் விட்டுப்போயிருக்கும். செயலி மன்னித்துவிடும் சான்றிதழை மற்ற சர்வர்கள் மன்னிக்காது.

டிஸ்க் நிறைவது அடுத்த தொல்லை. உங்கள் ஆட்களில் ஒருவர் ஆயிரக்கணக்கானவர் உள்ள பொது அறை ஒன்றில் நுழைந்தால் போதும், அதன் உறுப்பினர் விவரங்கள் முழுவதும் உங்கள் டேட்டாபேஸில் இறங்கிவிடும். பெரிய அறைகளில் சேர்வதைத் தடுக்கும் சிக்கல்தன்மை வரம்பை முதல் நாளே போடுங்கள். பிற சர்வர்களிலிருந்து வந்த படங்களுக்கு 30 நாள் ஆயுள் வைத்தால் மீண்டும் கேட்கும்போது அவை தானாக வந்துவிடும். பிரெஞ்சு அரசின் சாப், ஜெர்மன் ராணுவத்தின் மெசஞ்சர் இரண்டும் மேட்ரிக்ஸ்தான். இரண்டுமே பொது உலகோடு கலக்காமல் தங்களுக்குள் மூடிவைத்த கட்டமைப்புகள். சிறு அலுவலகத்துக்கும் அதுவே நல்லது: அனுமதிப்பட்டியலில் தேவையான ஓரிரு டொமைன்களை மட்டும் சேர்த்தால், மேலே சொன்ன மெட்டாடேட்டா கசிவில் பெரும்பகுதி அடைபட்டுவிடும்.

அழைப்புகளில் பொறுமை சோதிக்கப்படும். மணி அடிக்கும், எடுத்தால் குரல் கேட்காது. மொபைல் நெட்வொர்க்கில் பலர் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இருப்பதால் அழைப்பை இடையில் நின்று கடத்திவிடும் கோடர்ன் ரிலே இல்லாமல் ஆகாது. யுடிபி 3478ஐத் திறந்தவர்கள் 49152 முதல் 65535 வரையிலான ரிலே வரிசையைத் திறக்க மறந்துவிடுகிறார்கள். மேட்ரிக்ஸின் புதிய எலிமெண்ட் எக்ஸ் செயலிக்கு இந்தப் பழைய அழைப்பு முறையே செல்லாது. அதற்கு லைவ்கிட் என்ற அழைப்பு சர்வரைத் தனியாக நிறுவ வேண்டும். அழைப்பு முக்கியம் என்றால் சிக்னலோடு இருந்துவிடலாம்.

"இந்தச் செய்தியைத் திறக்க முடியவில்லை" என்ற வரி மேட்ரிக்ஸின் அவப்பெயர். முன்பைவிடக் குறைந்திருக்கிறது. இப்போது வருவதில் பெரும்பங்கு, பழைய செய்திகளைத் திறக்க உதவும் மீட்புச் சாவியைத் தொலைத்துவிட்டுப் புதுப் போனில் நுழைபவர்களால். கணக்கு கொடுக்கும் அன்றே சாவியைத் தாளில் எழுதவையுங்கள். ஏழு எமோஜிகளை ஒப்பிட்டு இரண்டாவது சாதனத்தையும் அங்கேயே சரிபார்த்துவிடுங்கள்.

தடை விஷயத்தில் இரண்டுக்கும் உத்தரவாதமில்லை. சிக்னலை 2021 ஜனவரியில் ஈரான் முடக்கியது. ஜம்மு காஷ்மீரைக் காரணம் காட்டி 2023 மே மாதம் இந்திய அரசு தடுத்த 14 செயலிகளில் மேட்ரிக்ஸ் செயலியான எலிமெண்ட் இருந்தது, சிக்னல் இல்லை. செயலி போனாலும் ஃப்ளஃபிசாட் போன்ற வேறொன்றில் அதே கணக்கில் நுழையலாம் என்பது மேட்ரிக்ஸ்காரர்களின் ஆறுதல்.

வாடகை சர்வரை முழுதாக நம்பவும் வேண்டாம். 2023இல் ஜாபர்.ரு என்ற எக்ஸ்எம்பிபி சேவையின் போக்குவரத்தை, ஜெர்மனியில் அதன் வாடகை சர்வர்களுக்கு முன்னால் யாரோ மாதக்கணக்கில் இடைமறித்தது வெளிவந்தது. இடைமறித்தவர்கள் வைத்திருந்ததும் லெட்ஸ் என்க்ரிப்டின் செல்லுபடியான சான்றிதழ்தான். அதைப் புதுப்பிக்க மறந்ததால்தான் விஷயம் அம்பலமானது. டிஎன்எஸ்ஸில் சிஏஏ பதிவு (உங்கள் டொமைனுக்கு யார் சான்றிதழ் தரலாம் என்ற குறிப்பு) போடும்போது சான்றிதழ் நிறுவனத்தின் பெயரோடு நிற்காமல் அங்குள்ள உங்கள் கணக்கின் அடையாளத்தையும் சேருங்கள்.

பேக்கப்பில் டேட்டாபேஸ், அமைப்புக் கோப்பு, மீடியா கோப்புறை, சர்வரின் கையொப்பச் சாவி நான்கும் இருக்க வேண்டும். டேட்டாபேஸை எடுக்கும்போது ஒருமுறைச் சாவிகள் (என்க்ரிப்ஷனைத் தொடங்க ஒரே ஒரு தடவை மட்டும் பயன்படுபவை) உள்ள அட்டவணையின் தரவை மட்டும் விட்டுவிடுங்கள். மீட்டபின் பழைய சாவிகளை சர்வர் இரண்டாம் முறை விநியோகித்தால், ஒழுங்காக இருந்த போன்களிலும் புதுச் செய்திகள் திறக்காமல் போகும்.