ஒன்பது வருடம் ஓட்டிய பிறகு மறுபடியும் டிரைவிங் ஸ்கூல்: ஸ்டுட்கார்ட் அனுபவம்

மதுரையில் ஒன்பது வருடம் கார் ஓட்டியவள் நான். அப்பாவின் பழைய ஸ்விஃப்டை மாசி வீதி நெரிசலிலும் ஓட்டியிருக்கிறேன், கொடைக்கானல் மலைப்பாதையில் பனி இறங்கிய காலை வேளையிலும் ஓட்டியிருக்கிறேன். அதனால் ஜெர்மனியில் உள்ள ஸ்டுட்கார்ட்டுக்கு வந்த பிறகு, பணம் கட்டி டிரைவிங் ஸ்கூலில் சேர வேண்டும் என்று தெரிந்தபோது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இப்போது ஜெர்மன் உரிமம் கையில் இருக்கிறது. அந்தப் பள்ளி எப்படி இருந்தது, எதற்குக் காசு கொடுத்தோம் என்று இங்கே வரப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஏன் சேர வேண்டும் என்பது. இந்திய உரிமத்தை வைத்துக்கொண்டு இங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் ஓட்டலாம். ஜப்பான், தென்கொரியா போன்ற சில நாட்டு உரிமங்களைத் தேர்வு இல்லாமலே மாற்றிக் கொடுக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. நாம் எழுத்துத் தேர்வும் ஓட்டுநர் தேர்வும் இரண்டுமே பாஸ் பண்ண வேண்டும். புதிதாகக் கற்கிறவர்களுக்கு இருக்கும் கட்டாய வகுப்புகள் நமக்கு இல்லை என்பது மட்டும் சலுகை. ஆனால் ஓட்டுநர் தேர்வுக்குப் பயிற்சி ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இரட்டை பெடல் வைத்த வண்டியில்தான் போக முடியும். ஆகவே பள்ளி இல்லாமல் வழியில்லை.

நான் சேர்ந்தது ஸ்டுட்கார்ட் மேற்குப் பகுதியில், எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள சிறிய பள்ளி. இரண்டு ஆசிரியர்கள், இரண்டு ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் கார்கள். பதிவுக் கட்டணம் 280 யூரோ, 45 நிமிட வகுப்புக்கு 62 யூரோ. நான் மொத்தம் 18 வகுப்பு எடுத்தேன். ஓட்டுநர் தேர்வுக்கு இரண்டு முறை போக வேண்டி வந்ததால், கண் பரிசோதனை, முதலுதவி வகுப்பு, உரிமத்தின் மொழிபெயர்ப்பு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 2,270 யூரோ ஆகிவிட்டது. சின்னத் தொகை இல்லை.

எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம். துருக்கி, அரபு உட்பட இன்னும் பல மொழிகளிலும் எழுதலாம். தமிழோ இந்தியோ கிடையாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகளிலிருந்து 30 கேள்வி வரும். பத்துத் தவறுப் புள்ளிகள் வரை பாஸ், ஆனால் ஐந்து புள்ளிக் கேள்வி இரண்டைத் தவறவிட்டால் ஃபெயில். பள்ளி கொடுத்த மொபைல் செயலியில் தினமும் இரவு மகனைத் தூங்க வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பார்த்தேன், ஐந்து வாரத்தில் முடித்துவிட்டேன். இதில் பள்ளியின் பங்கு பெரிதாக ஒன்றும் இல்லை.

பள்ளியின் உண்மையான மதிப்பு வண்டிக்குள்தான் தெரிந்தது. அதிலும் அறுபது வயதைத் தாண்டிய மூத்த ஆசிரியரிடம். முதல் வகுப்பில் பத்து நிமிடம் ஓட்டச் சொல்லிவிட்டு ஓரமாக நிறுத்தச் சொன்னார். "உங்கள் கை கால்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. கண்கள்தான் இன்னும் இந்தியாவில் இருக்கின்றன," என்றார். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும், எனக்குக் கொஞ்சம் ஜெர்மன் வரும், இரண்டையும் கலந்துதான் பேசிக்கொண்டோம். அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. மதுரையில் நான் பார்ப்பது முன்னால் மட்டும்தான். எனக்கு முன்னால் மூக்கை நீட்டியவனுக்கு நான் இடம் விடுவேன், நான் நீட்டினால் பின்னால் வருகிறவர் விடுவார். பின்னால் இருப்பவர் ஹார்ன் அடித்து, தான் இருப்பதைச் சொல்லிவிடுவார். அந்தச் சத்தம்தான் எங்களுக்குப் பக்கக் கண்ணாடி.

இங்கே ஆபத்தை எச்சரிப்பதற்கு ஹார்ன் அடிக்கலாம், ஊருக்கு வெளியே முந்தப் போவதைச் சொல்லவும் அடிக்கலாம். அவ்வளவுதான். ஆகவே யாரும் தன் இருப்பை நமக்குச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் பார்க்க வேண்டும். வளைவதற்கு முன், தடம் மாறுவதற்கு முன், ஓரத்திலிருந்து கிளம்புவதற்கு முன் தலையைத் திருப்பித் தோளுக்கு மேல் பார்ப்பதற்கு ஷுல்டர்பிளிக் என்று பெயர். தேர்வாளர் இதைத்தான் முதலில் கவனிப்பார். வலது பக்கம் திரும்பும்போது அந்தத் தோளுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் நேராகப் போய்க்கொண்டிருக்கும், அதற்குத்தான் முன்னுரிமை. சைக்கிளை முந்துவதாக இருந்தால் ஊருக்குள் ஒன்றரை மீட்டர், வெளியே இரண்டு மீட்டர் இடம் விட வேண்டும். இடம் இல்லையென்றால் அதன் பின்னாலேயே போக வேண்டியதுதான். வைன்ஷ்டைக சாலையின் ஏற்றத்தில் மூச்சு வாங்க மிதித்த ஒரு பெண்ணின் பின்னால் இரண்டாவது கியரில் நான் போனபோது, என் பின்னால் ஏழெட்டு வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஒரு ஹார்ன் கூட வரவில்லை. ஆசிரியர் "சரியாகச் செய்கிறீர்கள்" என்று மட்டும் சொன்னார்.

ஹெட்லைட் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், நம் ஊர்க்காரர்கள் இதில் ஏமாறுவார்கள். மேற்குப் பகுதித் தெருக்கள் குறுகல், இரண்டு பக்கமும் கார்கள் நிற்கும். எதிரில் வந்த வண்டி லைட்டை ஒரு முறை அடித்தது. மதுரையில் அதற்கு "நான் வருகிறேன், நீ நில்" என்று பொருள். நான் உடனே பிரேக் போட்டு நின்றேன். அவரும் நின்றார். மறுபடியும் லைட் அடித்தார், நான் இன்னும் கெட்டியாக நின்றேன். ஆசிரியர்தான் விளக்கினார்: இங்கே அது "நீங்கள் போங்கள்" என்ற மரியாதை. ஆனால் அது வழக்கம்தான், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதை நம்பி வண்டியை எடுக்காதீர்கள் என்றும் சொன்னார். அந்த மாதிரித் தெருவில் சட்டம் சொல்வது வேறு. யாருடைய பக்கத்தில் நிறுத்திய வண்டிகள் வழியை மறைக்கின்றனவோ அவர் நிற்க வேண்டும். பெரிய வண்டி, சின்ன வண்டி என்ற கணக்கு கிடையாது.

நம் ஊர் வழக்கங்களைக் குறைத்துச் சொல்வது என் நோக்கம் இல்லை. கொடைக்கானல் வளைவுகளில் ஹார்ன் அடிக்காதவன்தான் பொறுப்பில்லாதவன். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது நம் சாலை விதிகளில் இருக்கிறது, அங்கே பஸ் டிரைவர்கள் அதை அழகாகக் கடைப்பிடிக்கிறார்கள். ஆனால் லாரிக்காரர் வலது இண்டிகேட்டர் போட்டு "முந்திப் போ" என்று சொல்கிற பழக்கம் இருக்கிறதே, அதைப் பற்றி ஆசிரியரிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "அவர் உண்மையிலேயே வலது பக்கம் திரும்புவதாக இருந்தால்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

என்னைத் தேர்வில் கவிழ்த்தது ரெஷ்ட்ஸ் ஃபோர் லிங்க்ஸ். பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் வலது பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முதல் உரிமை என்பதுதான் அது. 30 கிலோமீட்டர் வேகத் தெருக்களில் நூறடிக்கு ஒரு முறை இது வரும். ஓட்டுநர் தேர்வு 55 நிமிடம், முழுக்க ஜெர்மன் மொழியில். அதற்காக ஆசிரியர் ஒரு தாளில் நாற்பது வாக்கியம் எழுதிக் கொடுத்திருந்தார், மொழியில் எனக்குச் சிக்கல் வரவில்லை. இருபதாவது நிமிடத்தில் ஒரு தெருமுனையை டெலிவரி வேன் மறைத்து நின்றது. நான் வேகத்தைக் குறைக்காமல் போனேன். வேனுக்குப் பின்னாலிருந்து, வலது பக்கத்திலிருந்து, சைக்கிளில் ஒரு பள்ளிக்கூடப் பையன். ஆசிரியர் தன் பிரேக்கை மிதித்தார். பையன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். ஆசிரியர் கால் வைத்தால் தேர்வு முடிந்தது என்று அர்த்தம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஃபெயில் ஆனதால் இல்லை, அந்தப் பையனின் நீல நிறப் பை கண்ணுக்குள்ளேயே நின்றது.

அடுத்த தேர்வுக்குக் குறைந்தது இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் வந்த வகுப்பில்தான் இந்த மனிதர் எவ்வளவு நல்ல ஆசிரியர் என்று தெரிந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, "வாருங்கள், நடப்போம்," என்றார். அதே தெருக்களில் இருபது நிமிடம் நடந்தோம். ஒவ்வொரு முனையிலும் நின்று, யார் முதலில் போக வேண்டும், எந்த இடத்தில் பார்வை மறைகிறது, எங்கே கால் பிரேக்குக்குப் போக வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும். நடந்து பார்த்தபோதுதான் ஒரு குழந்தையின் உயரத்திலிருந்து அந்த முனை எப்படி இருக்கும் என்று விளங்கியது. அந்த வகுப்புக்குப் பாதிக் கட்டணம்தான் பில்லில் இருந்தது.

அப்புறம் ஒரு நாள் நம் ஊர்ச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2017இல் புதிய விதிகள் வரும் வரை நடப்பில் இருந்த 1989ஆம் ஆண்டின் இந்தியச் சாலை விதிகளில், பிரதான சாலை அல்லாத சந்திப்பில் வலது பக்கத்திலிருந்து வருகிற வண்டிகளுக்கு வழிவிட வேண்டும் என்று அதே விதி எழுதியிருந்தது! ஒன்பது வருடம் ஓட்டியிருக்கிறேன், இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஊரில் நான் பணம் கட்டிப் படித்த வகுப்பிலும் சொல்லவில்லை. கிளட்ச், கியர், ரிவர்ஸ் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். சந்திப்பில் யாருக்கு உரிமை என்ற பேச்சே வரவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

ஆட்டோபான் என்கிற ஜெர்மன் விரைவுச்சாலையில் வேக வரம்பு இல்லாத பகுதிகளில் 130 கிலோமீட்டர் வேகம் என்பது பரிந்துரை மட்டும்தான். எல்லோரும் அதைத்தான் பேசுவார்கள். எனக்கு மனதில் நிற்பது வேறு. ஏ8 சாலையில் லியோன்பெர்க் பக்கம் வண்டிகள் தேங்கின. சைரன் எதுவும் கேட்கவில்லை. அதற்குள் இடது ஓரத் தடத்து வண்டிகள் எல்லாம் இடதுபுறமும் மற்றவை எல்லாம் வலதுபுறமும் ஒதுங்கி, நடுவில் ஒரு சந்து உண்டானது. இதற்கு ரெட்டுங்ஸ்காஸ என்று பெயர். ஊர்கிற வேகத்துக்கு வந்தாலே ஒதுங்கிவிட வேண்டும், ஆம்புலன்ஸ் வந்த பிறகு அல்ல. ஒதுங்காதவருக்கு 200 யூரோ அபராதமும் ஒரு மாத ஓட்டத் தடையும். நம் நாட்டிலும் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் உண்டு. நம் மக்களும் 108 சத்தம் கேட்டால் பைக்கை நடைபாதையில் ஏற்றியாவது வழிவிடுகிறவர்கள்தான். சத்தம் கேட்பதற்கு முன்பே வழி தயாராக இருப்பதை அன்றுதான் பார்த்தேன். நான்கு நிமிடம் கழித்து அந்தச் சந்தில் ஒரு ஆம்புலன்ஸ் வேகம் குறையாமல் போனது. என் தாத்தாவை அவசரமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோன நாள் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. ஆசிரியர் எதுவும் கேட்கவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அலுவலகம் வாரத்தில் இரண்டு மாலை, அதுவும் இரண்டு மணி நேரம்தான் திறந்திருக்கும். மின்னஞ்சலுக்குப் பதில் வர நான்கைந்து நாள் ஆகும். முதல் வகுப்புக்கு ஆறு வாரம் காத்திருந்தேன். மகனுக்குக் காய்ச்சல் என்று முந்தைய நாள் ரத்து செய்த இரட்டை வகுப்புக்கு முழுக் கட்டணம் 124 யூரோ வாங்கிக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் 48 மணி நேரம் என்று இருக்கிறது, உண்மைதான். ஆனாலும் ஒரு குழந்தையின் காய்ச்சலுக்கு அது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். இளைய ஆசிரியரிடம் மூன்று வகுப்பு போனேன். தவறு செய்தால் குரலை உயர்த்துகிறார், என்ன தவறு என்று சொல்வதில்லை. அந்தப் பணம் வீண்.

இரண்டாவது தேர்வில் பாஸ். தேர்வாளர் உரிம அட்டையைக் கொடுத்தபோது ஆசிரியர் என்னைவிடப் பெரிதாகச் சிரித்தார்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன், அந்த ஒன்று அலுவலகத்துக்காகக் குறைத்தது. நீங்கள் எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் வந்த முதல் மாதமே பதிவு செய்துவிடுங்கள், ஆறு மாதம் ஓடிவிடும். இரட்டை வகுப்பாகக் கேளுங்கள். ஒற்றை வகுப்பில் பாதி நேரம் நகரத்தைத் தாண்டவே போய்விடும். குறைந்தது இரண்டு வகுப்பாவது பள்ளி விடும் நேரத்தில், 30 கிலோமீட்டர் தெருக்களில் வேண்டும் என்று சொல்லுங்கள். முனைகள் பிடிபடவில்லை என்றால், இறங்கி நடக்கலாமா என்று ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள்.